அரைக் கிணறு

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அஸீமா குசினிக்குப் பின்னால் பலகையைப் போட்டுக் குந்தியிருந்து வாவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணி வெயில், செவ்வாய்க்கிழமை. முதலில் கப்பி கீச்சிட்டது, கயிறு ஓடியது, வாளி தண்ணீரில் விழுந்து புரண்டு நிறைந்து கனத்தது, பிறகு மறுபடியும் கப்பி, இந்த முறை மெதுவாக, இழுத்து இழுத்து, கடைசியில் விளிம்பில் தகர வாளி உட்காருகிற சத்தம். இந்த வளவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை தன்பாட்டுக்கு இறால் உரித்துக்கொண்டே இருந்தது. நாலாவது வாளிக்குத்தான் கை நின்றது.

அந்த வீடு பூட்டி மூன்று வருஷம். தங்கச்சி ஸகியா மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்த கையோடு அஸீமாதான் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் அலுமாரியில் போட்டாள். கப்பி துருப்பிடித்து வீணாய்ப் போய்விடும் என்று அதையும் அவளே கழற்றிக்கொண்டு வந்தாள். சாமான் அறையில் ஓர் உரப்பையில் சுற்றி வைத்திருந்தாள்.

எழுந்து போய்ப் பார்த்தாள். கப்பி கிடந்தது. காய்ந்துபோய், சிலந்தி வலையோடு.

லேசில் பயப்படுகிற மனுசி இல்லை அஸீமா. சுனாமி அன்று கடல் றோட்டுக்கு வந்தபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்று கடலுக்கு ஏச்சுக் கொடுத்தவள். புருஷன் சரீப் கட்டாரில் இருக்க, தனியாளாய் நின்று மேல்மாடி கட்டி முடித்தவள். ஆகவே சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து மிச்ச இறாலையும் உரித்தாள். பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பூனை தண்ணீர் அள்ளுமா என்று தன்னையே கேட்கவில்லை.

இந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குக் கலியாணம் பேசுகிறபோதே வளவில் ஒரு துண்டை அளந்து அத்திவாரம் போட்டாக வேண்டும். அவர்களுடைய உம்மா கைறுன்னிஸாவுக்கு இருந்தது பன்னிரண்டு பேர்ச்சஸ் வளவு, பெண்பிள்ளைகள் இரண்டு. நடுவால் கயிறு பிடித்தபோது கயிறு நேரே கிணற்றுக்கு மேலால் போயிற்று. அளக்க வந்தவர் கயிற்றைக் கொஞ்சம் ஒதுக்கலாமா என்று கேட்டாராம். மனுசி சம்மதிக்கவில்லை. ஒருத்தி மற்றவளிடம் தண்ணீருக்குக் கையேந்தக் கூடாது என்று, கிணற்றுக்குக் குறுக்கே கொங்கிரீட் பீம் போட்டு அதன்மேல் மதிலை எழுப்பினாள். இந்தப் பக்கம் அரைவட்டம், அந்தப் பக்கம் அரைவட்டம். கீழே தண்ணீர் ஒன்றுதான். ராத்தா வாளி விட்டால் தங்கச்சியின் பக்கத்தில் தண்ணீர் ஆடும். ஆள் நுழைகிற அளவுக்கு மதிலில் ஒரு கடப்பும் விட்டிருந்தார்கள். நாளெல்லாம் அதால் கறிக் கோப்பை போகும், கதை வரும். விடியக்காலையில் ஸகியா அதால் தலையை நீட்டி, தண்ணி வேணுமா ராத்தா என்று கேட்பாள். தனக்கு முன்னால் எழும்பவில்லையே என்ற நக்கல் அது.

உம்மா மௌத்தான பிறகு ஒரு முருங்கை மரத்தில் தொடங்கிய சண்டை, கடப்பைக் கல் வைத்து மூடுவதில் போய் நின்றது. மூடியவள் அஸீமாதான்.

அன்று பின்னேரம் அஜந்தா வந்தாள். றோட்டில் ஒரு மாதமாய் நீளக் குழி வெட்டிப் பெரிய குழாய் புதைக்கிறார்கள், இனி எல்லா வீட்டுக் கழிவும் அதால் போகுமாம். அதற்காக வீடு வீடாய்ப் போய்ப் படிவம் நிரப்புகிற பிள்ளை அவள், பழுகாமத்துக்காரி. தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு, வளவின் கதையைக் கேட்டாள். அஸீமாவுக்குக் கதை சொல்லப் பிடிக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் இது, ஆறடி தோண்டினால் தண்ணீர் என்று தொடங்கினாள். வாப்பாவின் சின்ன வயதில் குடிக்கக் கிணறு, ஒதுங்க வாவிக்கரை. இரண்டுக்கும் இடையில் கால் மைல். பிறகு வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது, அதற்கு ஒரு குழி. அப்போது வளவுகள் பெரிது. மகள்மாருக்காக வளவுகள் துண்டாகத் துண்டாகக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட வந்தன. சுனாமி கிணறுகளில் உப்பும் சேறும் நிறைத்துவிட்டுப் போனபோது, எங்கிருந்தோ வந்தவர்கள் மோட்டர் வைத்து இறைத்து, மருந்து போட்டு, கறுப்புத் தாங்கிகளை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கும் பிறகுதான் குழாய்த் தண்ணீர். அஜந்தா ஒன்றுவிடாமல் எழுதினாள்.

"உங்கட குழி எங்க அக்கா?"

அஸீமா வாசலைக் காட்டினாள், மோட்டார் சைக்கிள் நிற்கிற கொட்டிலுக்கு அடியில் என்றாள். கிணறு மூடியாயிற்று என்றாள்.

குழி நிறைந்தால் கழிவை உறிஞ்சி எடுக்க எத்தனை மாதத்துக்கு ஒருதரம் பவுசர் கூப்பிடுகிறீர்கள் என்று அஜந்தா கேட்டாள். ஐந்து வருஷமாய் ஒருதரமும் இல்லை என்று அஸீமா பெருமையாகச் சொன்னாள். பேனை கொஞ்சம் நின்றது. பிறகு அந்தப் பிள்ளை பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள், உள்ளே செங்கல் நிறத்தில் தூள்.

"இதக் கக்கூசில போட்டா தண்ணி பச்சையாகும் அக்கா. அது போற வழியெல்லாம் பச்சையாப் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து அக்கம்பக்கத்துக் கிணறுகளப் பாப்பன்."

"போடு பிள்ள. எங்கட வீட்டில ஒளிக்க என்ன கிடக்கு?"

ஒளிக்கக் கிடந்தது இதுதான். மேல்மாடி கட்டியபோது புதுக் குழி வெட்ட ஓரடி நிலம் வளவில் மிச்சமில்லை. கிணறு இருக்கிறதே, உங்கட பாதியைக் குழியாக்கலாம் என்று சொன்னவன் மேசன் நிஸ்தார். வளையம் போட்ட கிணறு, வெட்டுகிற வேலையும் மிச்சம், குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அரைக் கிணறு யாருக்கு வேண்டும் என்று ஊரில் பலர் செய்கிற வேலைதான். ஸகியா ஏறாவூரில் மாமியைப் பார்க்கப் போயிருந்த இரண்டு கிழமைக்குள், மதிலுக்கு நேர் கீழே கிணற்றுக்குள் கொங்கிரீட் சுவர் இறக்கினான். மூன்றடி மிச்சமிருக்க நிறுத்திவிட்டு மேலே வந்து, மணல் சரியுது ராத்தா, அடிவரைக்கும் போக ஏலாது என்றான். அஸீமா குனிந்து உள்ளே பார்த்தாள். போதும், மூடுங்க என்றாள்.

ஸகியா குழாய் எடுக்கவில்லை. விதவை, பிள்ளையில்லாதவள், ஒற்றை ஆளுக்கு உம்மாவின் கிணறு போதும் என்றிருந்தாள். ராத்தா தன் பக்கத்துக்கு மூடி போட்டிருக்கிறாள் என்று மட்டும் நினைத்தாள். இரண்டு வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். பிறகு நெருப்புக் காய்ச்சல், டைபொயிட். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது, எங்கட உம்மாட கிணறு, ஊரில இதப்போல தண்ணி இல்ல என்றாள், காய்ந்த உதட்டோடு. பக்கத்தில் குழி ஏதும் உண்டா என்று டொக்டர் திரும்பிக் கேட்டது அஸீமாவிடம். அஸீமா இல்லை என்றாள். ஸகியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ராத்தா சொன்னாச் சரி என்றாள். ஐந்து வருஷச் சண்டைக்குப் பிறகு அவள் தொட்டது அதுதான் முதல்தரம். பதினாறாம் நாள் முடிந்துபோனாள்.

பிள்ளையில்லாதவளின் வீடு இப்போது அஸீமாவின் மகள் ஸாதியாவுக்கு. மாப்பிள்ளை இர்ஷாத், கலியாணம் இன்னும் இரண்டு கிழமையில். அந்த வீட்டுக்குக் குழாய் இழுக்க எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னும் ஆள் வரவில்லை. வந்துவிட்டால் அந்தப் பக்கத்து அரைக் கிணற்றையும் மண் போட்டு மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் அஸீமாவின் கணக்கு. அதற்குள் அஜந்தா கக்கூசில் போட்டுவிட்டுப் போன இந்தத் தூள்.

புதன்கிழமை லுஹர் பாங்குக்கு முன்னால் கப்பி மறுபடியும் கீச்சிட்டது. இந்த முறை அது நிற்கவில்லை. குசினியில் தேங்காய் துருவுகிறபோதும், சோறு வடிக்கிறபோதும், தொழுகைப் பாயில் நிற்கிறபோதும் அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு கலியாண வீட்டுக்கு அள்ளுகிற மாதிரி, அவசரமில்லாமல், களைப்பில்லாமல். வாளி விளிம்பில் உட்கார்ந்ததும் வெறுங்காலோடு யாரோ நடந்து வீட்டுக்குள் போவதும், பாத்திரத்தில் தண்ணீர் சரிவதும், மறுகா கால் திரும்பி வருவதும் மதிலுக்கு இந்தப் பக்கம் தெளிவாய்க் கேட்டது. ஸாதியாவுக்கு எதுவும் கேட்கவில்லை. பெரிய சத்தமாய்க் கிடக்கே என்று சாடையாய்க் கேட்டதற்கு, றோட்டு வேலை என்றாள்.

அஸீமா சாமான் அறைக்குப் போய் உரப்பையை அவிழ்த்தாள். கப்பி நனைந்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

கம்பி எடுத்து வந்து கப்பியைக் கட்டில் காலோடு மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினாள். பிறகு வெளியே போய், மதிலைப் பார்த்து, அள்ளுறதென்றால் அள்ளிக்கொண்டு போ, என் வீட்டுச் சாமானைத் தொடாதே என்று சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

வியாழக்கிழமை மதில் நனைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடக்க, பழைய கடப்பு இருந்த இடம் மட்டும், கல் வைத்து மூடிப் பூசிய அந்த இடம் மட்டும், ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்து ஈரமாய் நின்றது. கிட்டப் போனாள். குழி நாற்றம் வரும் என்று மூக்கைப் பொத்தியிருந்தாள். கையை எடுத்தபோது வந்தது வேறு மணம். பாசி மணம். குளிர்ந்த கல்லின் மணம். சின்ன வயதில் வாளிக்குள் முகத்தை விட்டுக் குடித்த தண்ணீரின் மணம். அவளுக்கு அழுகை வந்தது, அதனால் கோபமும் வந்தது.

"தண்ணி வேணுமா ராத்தா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் இல்லை. மதிலுக்குள்.

அஸீமா உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். கல் உறுதியாய்த்தான் இருந்தது. கையை எடுத்துப் பார்த்தாள். ரேகையெல்லாம் பச்சை.

இரவில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று படுத்தாள்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போய், றோட்டு வேலையும் நின்று, தெரு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. ஒலிபெருக்கியில் குத்பா கேட்டுக்கொண்டிருந்தது. அஸீமா சோற்றை இறக்கிவிட்டு மகளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அறையில் இல்லை. மாடியில் இல்லை. அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது.

சாவி இல்லை.

அப்போதுதான் கவனித்தாள். கப்பிச் சத்தமும் இல்லை. இரண்டு நாளாய் ஓயாத சத்தம் நின்றிருந்தது. அள்ளி முடித்துவிட்டார்கள்.

முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடினாள். றோட்டில் வெட்டிய குழிக்கு மேல் போட்டிருந்த பலகை ஆடியது. பக்கத்து வாசல் திறந்திருந்தது. உள்ளே இருட்டு, குளிர். தரையில் ஈரக் கால் தடங்கள், பின்வாசலில் இருந்து குசினிக்கு, குசினியில் இருந்து பின்வாசலுக்கு, ஒன்றின்மேல் ஒன்றாய், ஒரு பாதையே விழுந்திருந்தது.

குசினியில் எல்லாப் பாத்திரமும் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. குடங்கள், பேசின்கள், சோற்றுச் சட்டிகள், கேத்தல், கோப்பைகள், உம்மாவின் பழைய செம்பு, ஒரு கரண்டி கூட மிச்சமில்லாமல். எல்லாம் விளிம்புவரை நிறைந்திருந்தன. எல்லாம் பச்சை.

நடுவில் ஸாதியா. விளக்குமாறு ஒரு கையில், கோப்பை மறுகையில். கோப்பை வாயருகே.

அஸீமா தட்டிப் பறித்தாள். மகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்தாள். நாக்கு சிவப்பு. நல்ல சிவப்பு.

"என்ன உம்மா இது? இர்ஷாத்ட உம்மா வீடு பாக்க வாறாவெண்டு கழுவ வந்தன். நீங்கதானே தண்ணி நிறைச்சு வெச்சீங்க?"

இருட்டில் அவளுக்கு நிறம் தெரியவில்லை போலும். அல்லது அவளுக்குக் காட்டப்படவில்லை.

ஓம் என்று சொல்லலாம். சொன்னால் போதும், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் ஊற்றிக் கழுவிவிடலாம். அஸீமாவின் நாக்கு நுனிவரை அந்த ஓம் வந்தது. பின்வாசலில், வெயிலில், அரைக் கிணற்றின் விளிம்பில் ஏதோ ஒன்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேள் மகள்," என்றாள். "எங்கட குழி உன்ட சாச்சிட கிணத்துக்குள்ள. அடிவரைக்கும் சுவர் போகல்ல எண்டு மேசன் சொன்னான். தெரிஞ்சுதான் மூடச் சொன்னன். டொக்டர் கேட்டாங்க, இல்ல எண்டு சொன்னன்."

ஸாதியாவின் கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது. சாச்சிக்கு இது தெரியுமா என்று கேட்டாள்.

"இப்ப தெரியும்."

மகள் ஓரடி பின்வாங்கினாள். அந்தப் பார்வையை அஸீமா வாங்கிக்கொண்டாள். குனியவில்லை.

"நீ போ. பின்னேரம் அந்தப் பிள்ள அஜந்தா வரும். குழி எங்க கிடக்கெண்டு சொல்லு. என்ட உம்மா சொன்ன எண்டு சொல்லு. இந்த வீட்டில ஒரு சொட்டும் வாயில வெக்காத."

"நீங்க?"

"எனக்கு இஞ்ச வேலை கிடக்கு."

மகள் போகிற சத்தம். பலகை ஆடுகிற சத்தம். பிறகு கரண்ட் போய்க் குத்பா நடுச்சொல்லில் அறுந்தது.

அஸீமா பின்வாசலுக்குப் போனாள். வெயில் கண்ணைக் குத்தியது. அரைவட்ட விளிம்பு. மேலே வெறும் குறுக்கு மரம். கப்பி இல்லை, கயிறு இல்லை.  பறித்த கோப்பையோடு வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அழுது காட்ட வரல்ல ஸகியா," என்றாள். "நான் செஞ்சதுதான். என்ட பங்க நான் குடிக்கன். ஆனா என்ட புள்ளைக்குக் கோப்பை நீட்டினாய், அது சரியில்ல. அவள விடு. என்னோட நில்லு."

கோப்பையைத் தூக்கினாள். குடித்தாள். குளிர். இனிப்பு. உம்மாவின் கிணறு. அதே தண்ணீர், சொட்டும் மாறாமல். அதுதான் தாங்க முடியாததாய் இருந்தது.

குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்தாள். அடுத்தது குசினியிலிருந்து எடுத்து வந்த செம்பு. கவிழ்த்தாள். கேத்தல். வயிறு கல்லாய் இறுகியது. சட்டி. முக்காடு நனைந்து மார்பெல்லாம் பச்சை ஓடியது. விரல் நுனிகள் பச்சை. நகம் பச்சை. ஒரு குடம். நிறுத்தி மூச்சு வாங்கினாள். குடத்தைக் கவிழ்த்தாள்.

கீச்.

நிமிர்ந்தாள்.

கயிறில்லாத கிணற்றில் ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது. மெதுவாக. இழுத்து இழுத்து. தகரம் வளையத்தில் உரசியது. வாளி விளிம்பில் உட்கார்ந்தது. ததும்பியது.

வாளியின் காதைப் பிடித்திருந்தது ஒரு கை. தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய கை. கிணற்றுக்குள்ளிருந்து, முழங்கை வரை. அது வாளியை ஓர் அங்குலம் அவள் பக்கம் தள்ளியது. பிறகு காதை விட்டது. விளிம்பில் மல்லாந்து, விரல்களை விரித்து, காத்திருந்தது.

அஸீமா புறங்கையால் வாயைத் துடைத்தாள். எழும்பினாள். போனாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "அள்ளு."

வெறுங்கோப்பையை அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடின, கோப்பையோடு அவள் விரல்களையும் சேர்த்து.